தட்டைப்பூமிக்காரர்கள் சூரியன் மறைவதை எப்படி விளக்குகிறார்கள்? அண்ணனுக்கு எதைக் காட்டுவது?

கேள்வி: நிலாமுற்றம்

என் பெரியப்பா மகனைப் பற்றித்தான் கேட்கிறேன். எனக்கு இயற்கணிதம் சொல்லிக்கொடுத்ததே அந்த அண்ணன்தான். எதையும் தானே பிரித்துப் பார்த்துத்தான் நம்புவார். கொஞ்ச காலமாகத் தட்டைப்பூமி வீடியோக்களில் மூழ்கிவிட்டார். பூமி ஒரு வட்டத் தட்டு, வடதுருவம் அதன் நடுவில் இருக்கிறது, அன்டார்க்டிகா என்பது விளிம்பைச் சுற்றி நிற்கும் பனிச்சுவர் என்று இப்போது உறுதியாகச் சொல்கிறார்.

"அப்படியானால் சூரியன் எப்படி அண்ணா மறைகிறது?" என்று கேட்டேன். அது மறையவே இல்லையாம். நம் தலைக்கு மேலே வட்டம் போட்டபடி தூரமாகப் போகிறதாம். ரயில் தண்டவாளம் தூரத்தில் ஒன்றுசேர்வது போலத் தெரிகிறதே, அதே பெர்ஸ்பெக்டிவ்தான் சூரியனையும் தரைக்கு இறக்கிக் காட்டுகிறது என்றார். உலக வரைபடத்தின் மேல் ஒரு சின்ன விளக்கு சுற்றிவரும் வீடியோவைக் காட்டினார். விளக்கு வந்த இடம் பகலாகவும் போன இடம் இரவாகவும் இருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

விண்வெளியிலிருந்து எடுத்த படத்தைக் காட்டினால் கிராபிக்ஸ் என்கிறார். பாடப்புத்தகத்தைக் காட்டினால், எழுதியவர் போய்ப் பார்த்தாரா என்கிறார். அவரைக் கேலி செய்யும் பதில்கள் எனக்கு வேண்டாம், வீட்டில் ஏற்கெனவே அது போதுமான அளவு நடக்கிறது. இவர்கள் உண்மையில் என்னதான் சொல்கிறார்கள்? யாரையும் நம்பாமல், நானும் அண்ணனும் எங்கள் கண்ணாலேயே பார்த்து முடிவு செய்யக்கூடியதாக ஏதாவது இருக்கிறதா?

பதில்: முக்கோணம்

நான் கணித ஆசிரியை. உங்கள் அண்ணன் சொல்வதை வரைந்து பார்க்கலாம். அவரோடு பேசும்போதும் அப்படியே செய்யுங்கள். அவருடைய படத்தை அவரே வரையட்டும், அளவுகளையும் அவரே சொல்லட்டும்.

இந்த விளக்கத்துக்கு வயது அதிகம். சாமுவேல் ரோபோதம் என்ற ஆங்கிலேயர் 'பாரலாக்ஸ்' என்ற புனைபெயரில் 1849-இல் சிறு நூலாகவும் 1865-இல் பெரிய புத்தகமாகவும் எழுதியதுதான் இன்றைய வீடியோக்களுக்கு மூலம். கண்மட்டத்துக்கு மேலே இருக்கும் எதுவும் விலகிப்போகப் போகத் தாழ்ந்து, கடைசியில் கண்மட்டக் கோட்டைத் தொட்டு மறையும், சூரியனும் அப்படித்தான் என்றார் அவர். பிற்பாடு அமெரிக்காவில் வில்பர் கிளென் வோலிவா என்ற மதபோதகர், சூரியன் 3000 மைல் உயரத்தில் இருக்கிறது, அதன் குறுக்களவு 32 மைல்தான் என்றார். அதாவது ஏறக்குறைய 5000 கி.மீ. உயரத்தில் 50 கி.மீ. அகலமுள்ள சூரியன். இன்றும் பெரும்பாலும் இந்த அளவுகளைத்தான் சொல்கிறார்கள்.

இந்த 5000 எப்படிக் கிடைக்கிறது என்று பாருங்கள். இரவும் பகலும் சமமாக இருக்கும் நாளின் நண்பகலில், 45 பாகை அட்சரேகையில் நிற்பவருக்குச் சூரியன் 45 பாகை உயரத்தில் தெரியும். அங்கிருந்து நிலநடுக்கோடு சுமார் 5000 கி.மீ. தரை தட்டை என்று வைத்து முக்கோணம் போட்டால் உயரமும் 5000 வந்துவிடுகிறது. சரி. அதே நாள், அதே நண்பகலில் 30 பாகையில் நிற்பவரின் முக்கோணத்தைப் போடுங்கள், சுமார் 5780 கி.மீ. வரும். 60 பாகையில் 3850. 75 பாகையில் 2235. துருவத்தில் சூரியன் தொடுவானத்தில் இருப்பதால் உயரம் பூஜ்யம். ஒரே நேரத்தில் ஒரே சூரியனுக்கு எத்தனை உயரம்! இதை அண்ணன் தன் கையால் போட்டுப் பார்க்க வேண்டும்.

இனி பெர்ஸ்பெக்டிவ். அது உண்மையான விதிதான், அண்ணன் அதில் தவறவில்லை. ஆனால் பெர்ஸ்பெக்டிவ் என்பது கோணம். எவ்வளவு தாழ்ந்து தெரியும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். அவர்கள் வரைபடத்தில் நிலநடுக்கோடு என்பது 10,000 கி.மீ. ஆரமுள்ள வட்டம். நீங்கள் அந்த வட்டத்தின் மேல் நிற்கிறீர்கள், நண்பகலில் சூரியன் நேர் உச்சியில், 5000 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. ஆறு மணி நேரம் கழித்து அது கால் வட்டம் நகர்ந்திருக்கும். தரைவழித் தூரம் 14,142 கி.மீ., சாய்ந்த தூரம் சரியாக 15,000 கி.மீ. சூரியன் தெரிய வேண்டிய உயரம் 19 பாகைக்கும் சற்று அதிகம். கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. அந்தி சாயும் நேரத்தில் சூரியன் தொடுவானத்துக்கு மேலே இரண்டு முஷ்டி உயரத்தில் நிற்க வேண்டும். நள்ளிரவில் வட்டத்தின் எதிர்ப்பக்கத்துக்கே போய்விட்டாலும் 14 பாகை உயரத்தில் இருக்கும். அந்தத் தட்டில் சூரியன் மறையவே வழியில்லை.

5000 கி.மீ. உயரத்தில் உள்ள ஒன்று தரையோடு ஒட்டியது போல நம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால், அது சுமார் 1 கோடியே 70 லட்சம் கி.மீ. தள்ளிப் போக வேண்டும். அவர்களுடைய தட்டின் மொத்த அகலமே 40,000 கி.மீ.தான்.

தண்டவாளம் தூரத்தில் சுருங்குகிறது, உண்மைதான். ஆனால் மறையும் சூரியன் சுருங்குவதில்லை. முழு அகலத்தோடு இருந்தபடியே அடியிலிருந்து அறுபடுகிறது. பாதிச் சூரியன் தெரிகிறது, அப்புறம் கால், அப்புறம் ஒரு கீற்று. பெர்ஸ்பெக்டிவ் ஒரு பொருளைச் சிறிதாக்கும், பாதியில் வெட்டாது.

சிலர் சூரியனை ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் அடிக்கும் விளக்கு என்பார்கள். அப்படியானால் அது மேலேயே நின்றபடி மங்கி அணைய வேண்டும். இன்னொன்று, சமநாளில் அவர்கள் வரைபடத்தில் பகலாக இருக்கும் பகுதி துல்லியமான அரைவட்டம், அதன் ஓரம் வடதுருவத்தின் வழியாகப் போகும் நேர்க்கோடு. தட்டின் பாதியை மட்டும் நேர்க்கோடாக வெட்டி வெளிச்சம் போடும் விளக்கு எப்படிப்பட்டது என்று யாரும் விளக்கியதாக நான் பார்த்ததில்லை.

பதில்: கருங்கண்ணாடி

நான் சூரியனைப் படம் எடுப்பவன். டீச்சர் சொன்னதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். நண்பகலில் 5000 கி.மீ., அந்தியில் 15,000 கி.மீ. என்றால் அந்திச் சூரியன் நண்பகல் சூரியனில் மூன்றில் ஒரு பங்கு அகலம்தான் இருக்க வேண்டும். இதைக் கேமராவிலேயே பார்த்துவிடலாம். உங்கள் அண்ணன் சொல்லும் வீடியோக்களில் நிக்கான் பி900 போன்ற பெரிய ஜூம் கேமராக்கள் அடிக்கடி வரும். அதையே பயன்படுத்துங்கள். லென்ஸ் முன்னால் சூரியனுக்கென்றே தயாரித்த ஃபில்டரைப் பொருத்தி, ஜூம் அளவை மாற்றாமல் காலையில் ஒன்று, நண்பகலில் ஒன்று, மாலையில் ஒன்று எடுங்கள். மூன்றிலும் அகலம் ஒன்றாகவே இருக்கும், சுமார் அரைப் பாகை. தொடுவானத்தை ஒட்டும்போது மட்டும் மேல்கீழாகக் கொஞ்சம் நசுங்கித் தெரியும், கிடைமட்ட அகலம் அப்போதும் மாறாது.

ஃபில்டர் இல்லாமல் எடுத்த வீடியோக்களில் சூரியன் சுருங்குவது போலத் தெரிவது உண்மை. அதில் சுருங்குவது சூரியனைச் சுற்றிய கண்கூச்ச ஒளிதான். வெளிச்சம் குறையக் குறைய அதுவும் குறைகிறது. ஃபில்டர் போட்டால் அது போய்விடும், விளிம்பு கத்தரித்தது போலத் தெளிவாகும், சூரியப்புள்ளிகள் இருந்தால் அவையும் தெரியும்.

ஜூம் செய்தால் மறைந்த சூரியன் திரும்ப வரும் என்கிறார்களே, அதையும் சோதியுங்கள். பாதி மூழ்கிய சூரியனை எவ்வளவு பெரிதாக்கினாலும் பெரிதான பாதிச் சூரியன்தான் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஃபில்டர் இல்லாத கேமராவின் வியூஃபைண்டர் வழியாகவோ பைனாகுலர் வழியாகவோ சூரியனைப் பார்க்கவே வேண்டாம். கண் போனால் திரும்பாது. கருப்புக் கண்ணாடி, எக்ஸ்ரே படம் எதுவும் பாதுகாப்பல்ல.

நிலாமுற்றம்

டீச்சர், முக்கோணங்களை அண்ணனோடு உட்கார்ந்து போட்டேன். 5780, 3850 என்று வந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஒரு வீடியோவை எடுத்துக் காட்டினார். ஒளி நேராகப் போவதில்லையாம், மேல்நோக்கி வளைகிறதாம், அதை மின்காந்த முடுக்கம் என்கிறார்கள். அதனால்தான் உயரம் மாறிமாறி வருகிறது, சூரியன் தொடுவானத்துக்குக் கீழே போனது போலத் தெரிகிறது என்கிறார். அளவு மாறாததற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார். பனிமூட்டத்தில் தெருவிளக்கு பெரிதாகத் தெரிவது போல, மாலையில் காற்று சூரியனைப் பெரிதாக்கிவிடுகிறதாம்.

ஒன்றை அடைத்தால் இன்னொன்று திறக்கிறது. எங்கே பிடிப்பது?

பதில்: கடலோடி

நிலா, தெருவிளக்குக் கதையும் ரோபோதம் சொன்னதுதான். ஆனால் அதை விடுங்கள். நீங்கள் எல்லோரும் சூரியன் இறங்குகிறதா, இறங்கவில்லையா என்பதிலேயே நிற்கிறீர்கள். நான் சரக்குக் கப்பல்களில் நேவிகேஷன் அதிகாரியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் வேலையில் சூரியன் எந்தத் திசையில் உதிக்கிறது, எந்தத் திசையில் மறைகிறது என்பதற்கு உயிர்மதிப்பு உண்டு. தட்டைப்பூமி உடைவதும் அங்கேதான். உயரத்துக்கு ஆயிரம் சமாதானம் சொல்லலாம், திசைக்குச் சொல்ல முடியாது.

கப்பலில் காம்பஸ், அதாவது திசைகாட்டி, சரியாகக் காட்டுகிறதா என்று ஒவ்வொரு வாட்ச்சிலும், அதாவது ஒவ்வொரு பணிமுறையிலும், சோதிக்க வேண்டும் என்பது வழக்கம். நடுக்கடலில் கலங்கரை விளக்கமும் கிடையாது, மலையும் கிடையாது. இருப்பது சூரியனும் நட்சத்திரங்களும்தான். உதிக்கும்போதோ மறையும்போதோ எடுக்கும் அளவுக்கு ஆம்ப்ளிட்யூட் என்று பெயர். சூரியனின் அடி விளிம்பு தொடுவானத்துக்கு மேலே அதன் விட்டத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் இருக்கும் நேரம் பார்த்து, கப்பலைச் செலுத்தும் தளத்தின் ஓரத்தில் உள்ள காம்பஸ் ரிப்பீட்டரில் (பிரதான காம்பஸ் காட்டுவதையே காட்டும் கருவி) அதன் திசையை எடுப்போம். ஏன் தொடும்போது எடுப்பதில்லை? தொடுவானத்தருகே காற்றின் ஒளிவிலகல் சூரியனை அரைப் பாகைக்கும் சற்று அதிகமாகத் தூக்கிக் காட்டுகிறது. அது தொடுவானத்தைத் தொடுவதாக நாம் பார்க்கும்போது உண்மையில் முழுச் சூரியனும் ஏற்கெனவே கீழே போயிருக்கும். இங்கே கவனியுங்கள், காற்று சூரியனை உயர்த்தித்தான் காட்டுகிறது. ஒளி வளைவதால் சூரியன் தாழ்ந்து தெரிகிறது என்பதற்கு நேர் எதிர் இது.

திசையை எடுத்ததும் கணக்கோடு ஒப்பிடுவோம். அன்றைக்குச் சூரியன் நிலநடுக்கோட்டிலிருந்து எத்தனை பாகை வடக்கே அல்லது தெற்கே இருக்கிறது என்பது அல்மனாக்கில், அதாவது கடலோடிகளுக்கான வானியல் அட்டவணையில், இருக்கும். அதன் சைன் மதிப்பை, கப்பல் இருக்கும் அட்சரேகையின் கோசைன் மதிப்பால் வகுத்தால், கிழக்கிலிருந்து சூரியன் எவ்வளவு விலகி உதிக்கும் என்று கிடைத்துவிடும். ஒரு வரிச் சூத்திரம். அது உருண்டையை வைத்து மட்டுமே வருவது. வந்த விடைக்கும் காம்பஸ் காட்டியதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் காம்பஸின் பிழை என்று லாக் புத்தகத்தில் எழுதுவோம். சூத்திரம் பொய்யாக இருந்தால் அந்தப் பிழை இடத்துக்கு இடம் தாறுமாறாக ஓடியிருக்கும். நல்ல கைரோ காம்பஸில் (காந்தம் இல்லாமல், சுழலும் சக்கரத்தால் வடக்கைக் காட்டுவது) அது பெரும்பாலும் ஒரு பாகைக்குள்தான் இருக்கும், வடக்கடலிலும் சரி, தென்கடலிலும் சரி.

இப்போது உங்கள் அண்ணனின் தட்டில் இதைப் போட்டுப் பாருங்கள். சமநாள், நிலநடுக்கோட்டில் நிற்கிறோம். காலை ஆறு மணிக்குச் சூரியன் கால் வட்டம் தள்ளி இருக்கிறது. நாம் நிற்கும் இடத்திலிருந்து அதற்கு ஒரு கோடு இழுத்தால் அது சரியாக வடகிழக்கைப் பார்க்கும். கிழக்கு அல்ல, வடகிழக்கு. 45 பாகை வடக்கே இருப்பவருக்கு அந்தக் கோடு வடக்கிலிருந்து 63 பாகையில் இருக்கும். 45 பாகை தெற்கே இருப்பவருக்கு 34 பாகையில். அதாவது சூரியன் அவருக்குக் கிட்டத்தட்ட வடக்கிலேயே உதிக்க வேண்டும். நிஜத்தில் அன்றைக்கு இந்த மூன்று பேருக்கும் சூரியன் கிழக்கில்தான் உதிக்கிறது.

டிசம்பர் கடைசியில் இன்னும் மோசம். 35 பாகை தெற்கு அட்சரேகையில், அதாவது ஆஸ்திரேலியாவின் தென்பகுதி, தென்னாப்பிரிக்காவின் தென்முனை இருக்கும் கோட்டில், சூரியன் கிழக்கிலிருந்து 29 பாகை தெற்கே தள்ளி உதிக்கும். தெற்கே தள்ளி உதித்து, தெற்கே தள்ளியே மறையும். தட்டில் பார்த்தால், சூரியன் சுற்றும் வட்டம் முழுவதும் அந்த ஆளுக்கு வடக்குப் பக்கத்தில் இருக்கிறது. வடக்கிலிருந்து 65 பாகைக்கு மேல் அது ஒருநாளும் போக முடியாது. நேர்கிழக்கைக்கூட எட்டாது. வித்தியாசம் 54 பாகை! இது பிசகு அல்ல, வானத்தின் வேறொரு பக்கம். அந்தக் கடல்களில் சூரியன் தென்கிழக்கிலிருந்து எழுவதைப் பார்த்து நின்றவன் நான், ஆகவே இதைப் பற்றி நான் நிதானமாகப் பேச முடியாது. ஒரு கப்பல் நிறைய ஆட்களும் சரக்கும் அந்தத் திசையை நம்பித்தான் நகர்கின்றன.

இப்போது அண்ணனின் கடைசி ஆயுதத்தை எடுங்கள். ஒளி மேல்நோக்கி வளைகிறது என்றே வைத்துக்கொள்வோம். மேலும் கீழும் எவ்வளவு வேண்டுமானாலும் வளையட்டும். அதனால் சூரியன் தெரியும் உயரம் மாறும், திசை மாறாது. வடகிழக்கில் இருப்பது வடகிழக்கில்தான் தெரியும், உயரமாகவோ தாழ்வாகவோ. பெர்ஸ்பெக்டிவுக்கும் இதே கதிதான், அது சிறிதாக்கும், தாழ்த்தும், ஆனால் வடகிழக்கில் இருப்பதைத் தென்கிழக்குக்குக் கொண்டுபோகாது. பனிமூட்டத் தெருவிளக்கும் இருக்கும் இடத்திலேயேதான் பெரிதாகத் தெரிகிறது. இவர்கள் வைத்திருக்கும் எல்லாச் சமாதானங்களும் செங்குத்தாக மட்டுமே வேலை செய்பவை. ஒளி பக்கவாட்டிலும் வளைய வேண்டும், அதுவும் வடக்கே இருப்பவருக்கு ஒரு அளவு, தெற்கே இருப்பவருக்கு இன்னொரு அளவு, ஜூனில் ஒன்று, டிசம்பரில் வேறொன்று என்றால், கடைசியில் உருண்டை தரும் விடை வரும்வரை ஒளியை வளைத்துக்கொண்டே போகிறோம் என்றுதான் பொருள்.

பதில்: ஏட்டுச்சுவடி

கடலோடி சார் சொன்ன பிறகு சேர்க்க ஒன்றுதான் இருக்கிறது. நிலாவின் கேள்வியை 1150-ஆம் ஆண்டிலேயே இரண்டாம் பாஸ்கரர் சித்தாந்த சிரோமணியில் கேட்டிருக்கிறார். பூமி கண்ணாடி போலச் சமதளமாக இருந்தால், அதற்கு வெகு உயரத்தில் சுற்றும் சூரியன் மேரு மலையில் இருக்கும் தேவர்களுக்கு எப்போதும் தெரிவது போல மனிதர்களுக்கும் ஏன் எப்போதும் தெரிவதில்லை என்பது அவர் கேள்வி. நடுவில் உள்ள பொன்மலைதான் சூரியனை மறைத்து இரவை உண்டாக்குகிறது என்றால், அந்த மலை ஏன் நம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றும் கேட்கிறார். டீச்சர் போட்ட 14 பாகைக் கணக்கின் உள்ளே இருப்பதும் இதே கேள்விதான்.

அவருக்கும் முன்னால், 499-இல் ஆரியபடர் ஒரே கணத்தை நான்கு இடங்களில் வைத்துச் சொன்னார். இலங்கையில் சூரியன் உதிக்கும்போது சித்தபுரத்தில் மறைகிறது, யவகோடியில் நண்பகல், ரோமகத்தில் நள்ளிரவு. நிலநடுக்கோட்டில் கால் சுற்றுக்கு ஒன்றாக அவர் வைத்துக்கொண்ட நான்கு இடங்கள் அவை. ஒரு சூரியன், ஒரே கணம், நான்கு வேளை. எனக்கு மிகவும் பிடித்த வாக்கியங்களில் ஒன்று இது. அண்ணனுக்குப் பழைய நூல்களில் ஆர்வம் உண்டு என்றால் காட்டுங்கள்.

நிலாமுற்றம்

கடலோடி சார், திசை விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் தானே கவராயம் எடுத்துத் தாளில் வட்டம் வரைந்து பார்த்தார். 45 பாகை வடகிழக்கு வந்தது. இந்தத் தடவை வீடியோ தேடவில்லை. ஆனால் அன்டார்க்டிகாவுக்கும் தென்கடலுக்கும் நாம் போய்ப் பார்க்கவில்லையே, இங்கேயே பார்க்க முடியுமா என்று கேட்கிறார். நியாயமான கேள்வி என்றுதான் எனக்கும் படுகிறது.

பதில்: கடலோடி

போய்ப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2024 டிசம்பரில் வில் டஃபி என்ற அமெரிக்கப் பாதிரியார் இரு தரப்பு ஆட்களையும் அன்டார்க்டிகாவில் உள்ள யூனியன் கிளேசியர் முகாமுக்குக் கூட்டிப்போனார். அது ஏறக்குறைய 80 பாகை தெற்கு. அந்த மாதத்தில் அங்கே சூரியன் மறையாது, நள்ளிரவில் தெற்குத் திசையில் 13 பாகை உயரத்தில் நிற்கும், 24 மணி நேரத்தில் ஆளை ஒரு முழுச் சுற்று சுற்றிவரும். தட்டில் அது வடக்கிலிருந்து இருபுறமும் 42 பாகைக்குள்ளேயே ஊசலாட வேண்டும். போனவர்களில் ஜெரன் காம்பனெல்லா, தட்டைப்பூமி வீடியோக்களால் பெயர்பெற்றவர், 24 மணி நேரச் சூரியன் உண்மைதான் என்று கேமரா முன்னாலேயே ஒப்புக்கொண்டார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும்! அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் அண்ணன் கேட்பது அவர் வாசலிலேயே செய்யக்கூடிய சோதனை. டீச்சர், உங்களிடம் இருக்கிறதா?

பதில்: முக்கோணம்

இருக்கிறது, ஒரு குச்சி போதும்.

மட்டமான தரையில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு, காலை முதல் மாலை வரை நிழலின் முனையை மணிக்கொரு முறை புள்ளி வையுங்கள். பிறகு புள்ளிகளை இணையுங்கள். கேள்வி ஒன்றுதான், அந்தக் கோட்டின் வடிவம் என்ன?

தட்டைப்பூமியில் சூரியன் தரைக்கு இணையான ஒரு வட்டத்தில் சுற்றுகிறது. வட்டத்தில் சுற்றும் விளக்கு, இணையான தளத்தில் ஒரு குச்சி முனையின் நிழலை வட்டமாகத்தான் நகர்த்தும். அதில் தப்பிக்க வழி கிடையாது. 10,000 கி.மீ. வட்டம், 5000 கி.மீ. உயரம் என்றால் ஒரு மீட்டர் குச்சியின் நிழல் முனை 2 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டை வரைய வேண்டும். சமநாளில் உள்ளூர் நண்பகலுக்கு மூன்று மணி நேரம் முன்னும் பின்னும், நிழல் முனை நண்பகல் புள்ளியின் வழியாகப் போகும் கிழக்கு மேற்குக் கோட்டிலிருந்து 59 செ.மீ. தெற்கே விலகியிருக்க வேண்டும். நீங்கள் எந்த அட்சரேகையில் இருந்தாலும் தட்டில் இந்த 59 செ.மீ. மாறாது. சூரியனின் உயரத்தை அண்ணன் மாற்றிக்கொண்டால் வட்டத்தின் அளவு மாறும், ஆனால் வட்டம் வட்டமாகவே இருக்கும்.

உருண்டையில், வெகுதூரத்தில் உள்ள சூரியனுக்கு, சமநாள் அன்று நிழல் முனை காலை முதல் மாலை வரை ஒரே நேர்க்கோட்டில் ஓடும், மேற்கிலிருந்து கிழக்குக்கு. விலகல் இல்லை.

சமநாள் மார்ச் 20-ஐ ஒட்டியும் செப்டம்பர் 22, 23-ஐ ஒட்டியும் வரும். காத்திருக்க முடியாது என்றால், செப்டம்பர் இறுதியிலிருந்து மார்ச் நடுவரை எந்த நாளிலும் செய்யலாம். அந்த மாதங்களில் நிழல் முனை போடும் கோடு காலையிலும் மாலையிலும் வடக்கே வளையும். தட்டில் அது எல்லா மாதமும் தெற்கே வளைய வேண்டும். அளந்து பார்க்கக்கூட வேண்டாம், எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்தாலே போதும்.

திசைகாட்டியும் வேண்டாம். குச்சியைச் சுற்றி ஒரு வட்டம் வரையுங்கள். காலையில் நிழல் முனை அந்த வட்டத்தைத் தொடும் இடத்தையும் மாலையில் தொடும் இடத்தையும் குறியுங்கள். இரண்டையும் இணைத்தால் அதுதான் கிழக்கு மேற்கு.

நிலாமுற்றம்

டீச்சர், அண்ணனிடம் உங்கள் பதிலை அப்படியே படித்துக் காட்டினேன். வட்டம் ஏன் வட்டமாகவே விழும் என்பதை ஒரு தாளில் தானே நிரூபித்துப் பார்த்தார், சரியாக இருக்கிறது என்றார். 59 செ.மீ. என்பதையும் போட்டுச் சரிபார்த்துவிட்டார். குச்சி நடும் இடத்தை அவரே தேர்ந்தெடுக்கிறேன் என்கிறார். என்ன வரும் என்று அவர் நினைக்கிறாரோ அதை முதல் நாளே தரையில் சுண்ணாம்பால் வரைந்துவிடுவதாகவும் சொன்னார். இயற்கணிதம் சொல்லிக்கொடுத்த அண்ணனை ரொம்ப நாள் கழித்துப் பார்த்தது போல இருந்தது எனக்கு. நிழல் முனை மங்கலாக விழுமே, எந்த இடத்தில் புள்ளி வைப்பது என்று மட்டும் கேட்கச் சொன்னார்.

பதில்: முக்கோணம்

சூரியன் அரைப் பாகை அகலம் இருப்பதால்தான் அந்த மங்கல். நிழல் நீளும் நேரத்திலும் அது ஓரிரு செ.மீ.தான், 59-க்கு முன் பொருட்டல்ல. ஆனாலும் துல்லியமாக வேண்டும் என்றால், குச்சியின் உச்சியில் சின்னத் துளை போட்ட அட்டையை ஒட்டிவிடுங்கள். நிழலின் நடுவே ஒரு வெளிச்சப் பொட்டு விழும், அதன் மையத்தில் புள்ளி வையுங்கள். தரை மட்டமாக இருப்பது முக்கியம், ரசமட்டம் இருந்தால் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பாருங்கள். குச்சி செங்குத்தா என்பதற்கு நூலில் கல் கட்டித் தொங்கவிட்டால் போதும்.